மாணவ ஆசிரியர்களுக்கான அறிமுகப் பாடநெறி: முதன்முறை நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்புவோருக்கான அறிமுகப் பாடநெறியை நடத்தும் பொறுப்பு முதன்முறையாகக் கைக்கு வரும்போது, முன்னவர் விட்டுச்சென்ற பாடத்திட்டமும் தடித்த நூல் ஒன்றும் கூடவே வந்து சேரும். அவற்றைத் திறப்பதற்கு முன், வகுப்பில் அமரப் போகிறவர்களைப் பற்றிச் சற்று எண்ணிப் பாருங்கள். மருத்துவம் படிக்க வருபவர் அறுவை அரங்குக்குள் நின்றிருக்க மாட்டார். சட்டம் படிக்க வருபவர்களில் பலர் நீதிமன்றப் படியே ஏறியிருக்க மாட்டார்கள். ஆசிரியப் பயிற்சிக்கு வருபவரோ, ஆசிரியர்களை நாள்தோறும் பார்த்தே வளர்ந்தவர். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி, பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஒருவர் ஆசிரியர்களோடு நேரடியாகக் கழிக்கும் நேரம் சுமார் 13,000 மணி என்று 1975-இல் எழுதினார். பார்த்துப் பார்த்தே பெற்ற தொழிற்பயிற்சி என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார்.

அந்த 13,000 மணி நேரமும் அவர்கள் மாணவரின் இருக்கையிலிருந்தே பார்த்தார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆசிரியர் பேசியதையும் எழுதியதையும் கோபித்ததையும் சிரித்ததையும் கண்டார்கள். ஆனால் அந்தக் கணக்கை ஏன் முதலில் போட்டார், கை தூக்கிய மூவரை விட்டுவிட்டுத் தூக்காத ஒருவரை ஏன் கேட்டார், பாதியில் ஏன் பாடத்தை மாற்றினார் என்பன போன்ற முடிவுகள் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. ஆகவே கற்பித்தல் என்றால் தெளிவாகப் பேசுவதும் குழந்தைகளிடம் அன்பாக இருப்பதும்தான் என்ற நம்பிக்கையோடு பெரும்பாலோர் வருகிறார்கள். அறிமுகப் பாடநெறியின் முதன்மையான வேலை இந்த இருக்கையை மாற்றிப் போடுவதே. உத்திகள், கோட்பாடுகள், பதிவேடுகள் ஆகியவற்றுக்குப் பின்னால் வேறு பாடநெறிகள் இருக்கின்றன, இதற்கு இல்லை.

வாரத்திற்கு இரண்டு அமர்வுகள் வீதம் ஏறத்தாழ 15 வாரங்கள் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். கால அளவு குறைந்தால் படிகளைச் சுருக்குங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.

படி 1: முதல் நாளில் ஒரு தாள்

முதல் அமர்வில் பாடத்திட்டத்தை வாசித்துக் காட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, தொடக்கப் பள்ளி நாள்களில் நினைவில் நிற்கும் ஒரே ஒரு வகுப்பைப் பற்றி 15 நிமிடம் எழுதச் சொல்லுங்கள். 'எனக்குப் பிடித்த ஆசிரியர்' என்று தலைப்புக் கொடுத்தால் பாராட்டு மடல்தான் வரும். 'ஒரு வகுப்பில் நடந்தது' என்று கேட்டால் நிகழ்ச்சி வரும்.

எழுதியதை இருவர் இருவராகப் படித்தபின், தாளின் மறுபக்கத்தில் ஒரு கேள்விக்கு விடை தேடச் சொல்லுங்கள்: அந்த வகுப்பு அப்படி நடப்பதற்கு ஆசிரியர் முன்கூட்டியே என்னென்ன முடிவு செய்திருக்க வேண்டும்? இங்கேதான் அறை அமைதியாகும். விதை முளைப்பதைப் பார்த்த மகிழ்ச்சியைப் பக்கம் நிறைய எழுதியவரால், விதையை ஆசிரியர் எத்தனை நாள் முன்பே ஊறவைத்தார், முளைக்காமல் போனால் காட்டுவதற்கு மாற்றுக் கிண்ணம் வைத்திருந்தாரா என்பதைச் சொல்ல முடிவதில்லை. இந்தத் தாள்களை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தின் முடிவில் அவை மீண்டும் தேவைப்படும்.

படி 2: எதை விடுவது என்று முடிவு செய்தல்

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுவே. அறிமுகப் பாடநெறி என்றதும் கல்வித் தத்துவ வரலாறு, உளவியல் கொள்கைகள், சட்டங்கள், வகுப்பறை மேலாண்மை, மதிப்பீட்டு வகைகள் என எல்லாவற்றிலும் ஒவ்வொரு கரண்டி பரிமாறத் தோன்றும். நானும் என் முதல் ஆண்டில் அதைத்தான் செய்தேன். குழந்தையை மையமாகக் கொண்ட கற்பித்தலைப் பற்றி 50 நிமிடம் இடைவிடாமல் விரிவுரை ஆற்றிவிட்டு, "ஐயம் ஏதும் உண்டா?" என்று கேட்டேன், கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இது எத்தனை மதிப்பெண் கேள்வியாக வரும்?" என்றார். அவரைக் குறை சொல்வதற்கு எனக்கு வழி இருக்கவில்லை. நான் காட்டியதைத்தான் அவர் கற்றுக்கொண்டிருந்தார்.

பாடநெறி முடியும்போது ஒருவர் என்ன செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதை நான்கைந்து வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள். 'அறிவார்', 'புரிந்துகொள்வார்' என்ற வினைகளைத் தவிர்த்து, கண்ணால் பார்க்கக்கூடிய வினைகளையே பயன்படுத்துங்கள். என் பட்டியல் இப்போது இப்படி இருக்கிறது: ஒரு குழந்தையின் தவறான விடையிலிருந்து அதன் சிந்தனையை ஊகித்து, அந்த ஊகத்தைச் சோதிக்க இன்னொரு கணக்கை அமைப்பார், ஒரு குழந்தையோடு 20 நிமிடம், கற்பிக்காமல், உரையாடுவார், வகுப்பில் கண்டதையும் அதைப் பற்றித் தாம் நினைத்ததையும் பிரித்து எழுதுவார், பத்து நிமிடப் பாடம் ஒன்றைத் திட்டமிட்டு நடத்தி, திருத்தி, மீண்டும் நடத்துவார். இவற்றுக்கு உதவாத எதுவும், எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும், படிக்க வேண்டியவற்றின் பட்டியலுக்குப் போகலாம். அமர்வு நேரத்தைத் தின்ன விடக் கூடாது.

படி 3: எளிய பாடத்தின் கடினத்தை உணரச் செய்தல்

"ஒன்றாம் வகுப்புக் கணக்கில் எனக்கென்ன புதிதாக இருக்கப் போகிறது?" என்று வாய்விட்டுச் சொல்பவர் குறைவு, மனத்துக்குள் நினைப்பவர் நிறைய. இந்த நினைப்பைப் பேச்சால் அசைக்க முடியாது. இரண்டு அமர்வுகளை இதற்கென்றே ஒதுக்கி, அவர்களை மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வையுங்கள்.

அதற்கு நான் கையாளும் வழி இது. நமக்குப் பழகிய பத்து இலக்கங்களை மறந்துவிட்டு, ஐந்தே குறிகள் உள்ள ஓர் எண்முறையைக் கரும்பலகையில் எழுதுகிறேன்: 0, அ, இ, உ, எ. எண்ணும் வரிசை அ, இ, உ, எ என்று போய், அடுத்து அ0, அஅ, அஇ, அஉ, அஎ, பிறகு இ0 என்று தொடரும். இது ஐந்தை அடிமானமாகக் கொண்ட எண்முறை என்பதைச் சொல்வதில்லை. குச்சிகளைக் கொடுத்து எண்ண வைத்தபின், எ-வையும் இ-யையும் கூட்டினால் என்ன வரும் என்று கேட்கிறேன். விடை அஅ. அடுத்து உஎ, இஉ ஆகிய இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொல்கிறேன். விடை அஅஇ. எஎ-க்கு அடுத்த எண் எது என்று கேட்டால் பாதி வகுப்பு விழிக்கும், அது அ00.

அப்போது அறையில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிக் கணிதம் படித்தவர்கள் மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணுகிறார்கள். சிலர் பழைய எண்களுக்கு மாற்றிக் கணக்கிட்டுவிட்டு மீண்டும் குறிகளுக்குத் திருப்புகிறார்கள். வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் உள்ள குழந்தை செய்வதும் ஏறத்தாழ இதுவே. சிலர் பக்கத்துத் தாளைப் பார்க்கிறார்கள். ஓரிருவர் எரிச்சலோடு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். செயல் முடிந்ததும் கணக்கைப் பற்றிப் பேசாமல் இந்த நடத்தைகளைப் பற்றியே பேசுங்கள். "விரல் விட்டு எண்ணாதே என்று நாளை ஒரு குழந்தையிடம் சொல்வீர்களா?" என்ற ஒரு கேள்வியே அரை மணி நேர விவாதத்தைத் தாங்கும். பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டுவது ஏதோ அலங்காரச் செயல் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, இட மதிப்பு என்பது மனிதர்கள் சிரமப்பட்டுக் கண்டுபிடித்த ஏற்பாடு என்பது இங்கேதான் உறைக்கும்.

இரண்டாம் அமர்வுக்குப் பின்னங்கள் பொருத்தமானவை. ஒன்றே முக்காலை அரையால் வகுக்கச் சொல்லுங்கள். தலைகீழாக்கிப் பெருக்கி, மூன்றரை என்ற விடையைப் பலர் தந்துவிடுவார்கள். உடனே, இந்த வகுத்தலுக்குப் பொருந்தும் ஒரு கதைக்கணக்கை எழுதச் சொல்லுங்கள். ஒன்றே முக்கால் மீட்டர் துணியை இருவர் சமமாகப் பகிர்ந்துகொண்டார்கள் என்ற கதைதான் அதிகம் வரும். ஆனால் அது இரண்டால் வகுப்பது, அரையால் வகுப்பது ஆகாது. ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அரை மீட்டர் நீளமுள்ள துண்டுகள் எத்தனை கிடைக்கும் என்பதே பொருந்தும் கதை. அங்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. மூன்று துண்டுகளை வெட்டியபின் கையில் எஞ்சுவது கால் மீட்டர். விடையிலோ 'அரை' என்று வருகிறது. எஞ்சிய கால் மீட்டர் என்பது அரை மீட்டர்த் துண்டில் பாதி என்பதைத் தாமே கண்டு சொல்லும்வரை காத்திருங்கள்.

லிப்பிங் மா 1999-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கணக்கைத்தான் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் கொடுத்தார். சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியாகக் கணித்தார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் கணிப்பைச் சரியாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு, கருத்தளவில் பொருந்தும் கதையைத் தந்தவர் ஒரே ஒருவர். பணியில் இருந்த ஆசிரியர்களுக்கே இந்த நிலை என்று சொல்லும்போது, தடுமாறிய மாணவ ஆசிரியர்களின் முகம் சற்றுத் தெளியும். பாடம் தெரிந்திருப்பதும் அதைக் குழந்தைக்குப் புலப்படுத்தும் வகையில் தெரிந்திருப்பதும் வேறு வேறு அறிவுகள் என்று லீ ஷுல்மன் 1986-இல் வகுத்துக் காட்டியதை இந்த இடத்தில் சொன்னால் அது நிற்கும். முதல் வாரத்தில் சொன்னால் குறிப்பேட்டோடு போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. தொடக்கப் பள்ளிக்கு வருவோரில் கணக்கைக் கண்டு அஞ்சுவோர் கணிசமாக இருப்பார்கள். ஆசிரியையின் கணித அச்சம் ஓராண்டுக்குள் அவரிடம் படிக்கும் சிறுமிகளின் கணித அடைவைப் பாதித்ததை ஷான் பெய்லாக் குழுவினர் 2010-இல், ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளில் கண்டார்கள். ஆகவே அச்சத்தைப் புறக்கணிக்கவும் கூடாது, கேலிக்கு இடம் தரவும் கூடாது. இந்த இரண்டு அமர்வுகளிலும் யாரையும் கரும்பலகைக்கு அழைக்காதீர்கள். விரும்பி வருபவர் வரட்டும்.

படி 4: தவறுகளைப் படித்தல்

என் கணிப்பில் பாடநெறியின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. நான்கு அமர்வுகள் கொடுத்தாலும் தகும். விடைத்தாளில் சிவப்புக் கோடு போடுவதை 12 ஆண்டுகள் பார்த்தவர்களுக்கு, தவறு என்பது இல்லாமையின் அடையாளம்: கவனம் இல்லை, உழைப்பு இல்லை, திறமை இல்லை. தவறுக்குள் ஒழுங்கு உண்டு என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும்.

ஒரு குழந்தையின் நான்கு கழித்தல் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

64 − 23 = 41
52 − 27 = 35
81 − 46 = 45
75 − 31 = 44

நான்கில் இரண்டு சரி, இரண்டு தவறு. "பாதி புரிந்திருக்கிறது", "கவனக்குறைவு", "கடன் வாங்க மறந்துவிட்டது" என்றெல்லாம் விடைகள் வரும். எதையும் மறுக்காமல், இதே குழந்தை 90 − 34 என்ற கணக்குக்கு என்ன விடை எழுதும் என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். காரணத்தை உண்மையில் கண்டவர் மட்டுமே 64 என்று எழுதுவார். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிப்பது என்ற விதியை அந்தக் குழந்தை ஒருமுறைகூடப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. மேல் இலக்கம் பெரிதாக இருந்த இரண்டு கணக்குகளில் அந்த விதியே சரியான விடையையும் கொடுத்துவிட்டது. 'சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது' என்று யாரோ ஓர் ஆசிரியர் சொன்னதிலிருந்தே அந்த விதி முளைத்திருக்கக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்பு ஒரு நொடி திடுக்கிடும். இத்தகைய ஒழுங்கான கழித்தல் பிழைகளை ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இல் விரிவாக வகைப்படுத்தினார்கள்.

இந்தப் பயிற்சியில் வலியுறுத்த வேண்டிய பழக்கம் ஊகத்தைச் சோதிப்பது. காரணத்தைச் சொன்னவுடன் "சரி" என்று பாராட்டாதீர்கள். "உங்கள் ஊகம் சரியென்றால் அடுத்து எந்தக் கணக்கைக் கொடுப்பீர்கள், அதற்கு என்ன விடையை எதிர்பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். 0.8-ஐவிட 0.35 பெரியது என்று ஒரு குழந்தை சொன்னால், 35 என்பது 8-ஐவிடப் பெரியது என்ற எண்ணமே காரணமாக இருக்கலாம். அப்படியானால் 0.4, 0.27 என்ற இணையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் 0.62, 0.5 என்ற இணையைக் கொடுத்தால் குழந்தை சரியாகச் சொல்லிவிடும். ஊகத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. சோதிக்கும் கணக்கையும் சோதிக்காத கணக்கையும் பிரித்தறிவது சில வாரங்களில் கைகூடும்.

கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். 'கொடி' என்பதைக் 'கெடி' என்று எழுதும் குழந்தை ஒலியைத் தவறாகக் கேட்கவில்லை. ஓர் ஒலியைக் காட்ட எழுத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு குறிகள் வேண்டும் என்பதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒருவர் எங்கிருந்தாவது ஒரு தவறைக் கொண்டுவர வேண்டும் என்று விதி வைத்தால், பருவ முடிவில் நல்லதொரு தொகுப்பு சேர்ந்துவிடும். குழந்தையின் பெயரை மட்டும் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

படி 5: ஒரே ஒரு குழந்தையோடு 20 நிமிடம்

முழு வகுப்பைப் பார்க்க அனுப்புவதற்கு முன், ஒவ்வொருவரும் ஒரு குழந்தையோடு தனியாக உரையாடட்டும். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலையும், பள்ளியில் நடப்பதானால் தலைமையாசிரியரின் இசைவையும் பெற்றபின், ஐந்து அல்லது ஆறு வயதுக் குழந்தை ஒன்றோடு, பிறர் பார்வையில் படும் இடத்தில் அமர்ந்து பேச வேண்டும். குழந்தை எழுந்து போக விரும்பினால் போகலாம். கற்பிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, 'சரி', 'தவறு' என்று சொல்லவும் கூடாது என்பது கட்டாய விதி.

தொடங்குவதற்கு ழான் பியாஜேயின் பழைய சோதனை வசதியானது. ஆறு காசுகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே இன்னோர் ஆறு காசுகளை இணையாகவும் அடுக்கி, இரண்டிலும் சமமாக இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். குழந்தை ஒப்புக்கொண்டதும் ஒரு வரிசையைப் பரப்பி நீளமாக்கிவிட்டு மீண்டும் அதையே கேட்க வேண்டும். நான்கைந்து வயதில் பலர் நீண்ட வரிசையில்தான் அதிகம் என்பார்கள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் மாணவ ஆசிரியர்கள், "குழந்தைக்கு எண்ணிக்கை மாறாமை என்ற கருத்து வரவில்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த நேரத்தில்தான் ஜேம்ஸ் மெக்காரிகிலும் மார்கரெட் டொனால்ட்சனும் 1970-களில் செய்ததைச் சொல்ல வேண்டும். பெரியவருக்குப் பதிலாகக் குறும்புக்காரப் பொம்மைக் கரடி ஒன்று வந்து வரிசையைக் கலைத்துவிட்டதுபோல அவர்கள் நடத்தினார்கள். சரியாக விடை சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. ஒரே கேள்வியைப் பெரியவர் இரண்டாம் முறை கேட்டால் முதல் விடை தவறு என்று பொருள் கொள்வது குழந்தையின் அறியாமையாகாது. பள்ளி அதற்குக் கற்றுக்கொடுத்த அறிவு அது. குழந்தையின் விடையில் நம் கேள்வியும் கலந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

உரையாடலை ஒலிப்பதிவு செய்து, அதில் ஐந்து நிமிடத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதிவரச் சொல்லுங்கள். இடையிலான மௌனங்களையும் நொடிக்கணக்கில் குறிக்க வேண்டும். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி அளவே என்று மேரி பட் ரோ கண்டறிந்திருந்தார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது குழந்தைகளின் விடைகள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது. இந்தச் செய்தியை முன்கூட்டியே சொல்லாதீர்கள். தம் கைப்பட எழுதிய தாளில், "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்ற கேள்விக்கும் தாமே எடுத்துக்கொடுத்த விடைக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை என்று காணும் ஒருவருக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படாது.

படி 6: வகுப்பறை உற்றுநோக்கல்

"வகுப்பைக் கவனித்து அறிக்கை எழுதுக" என்று அனுப்பினால், "ஆசிரியர் சிறப்பாகக் கற்பித்தார், மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்ற இரண்டு வாக்கியங்களே வெவ்வேறு கையெழுத்தில் திரும்பி வரும். பார்வையைக் குறுக்கி அனுப்புங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேலை: இருக்கை வரைபடம் போட்டு, ஆசிரியர் யாரைக் கேட்டார் என்று ஒவ்வொரு முறையும் புள்ளி வைப்பது, அல்லது ஒரு குழந்தையின் கைகள் என்ன செய்தன என்று 15 நிமிடம் எழுதுவது, அல்லது ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்கு வகுப்பு மாறிய ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறிப்பது.

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கண்டதையும் வலப்பக்கம் நினைத்ததையும் எழுதச் சொல்லுங்கள். 'கவனம் இல்லாமல் இருந்தான்' என்பது வலப்பக்கத்துக்கு உரியது. 'நான்கு நிமிடம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தான், ஆசிரியர் கேட்டவுடன் சரியான விடை சொன்னான்' என்பது இடப்பக்கத்துக்கு உரியது. அதை எழுதியபின் வலப்பக்க வாக்கியம் பெரும்பாலும் தானாகவே அடிக்கப்பட்டுவிடும். பார்க்கப்படும் ஆசிரியரின் மரியாதையையும் காக்க வேண்டும்: தாள்கள் உங்களிடம் மட்டுமே வர வேண்டும், பள்ளியின் பெயரும் ஆசிரியரின் பெயரும் அவற்றில் இருக்கக் கூடாது.

படி 7: பத்து நிமிடம் நடத்தி, திருத்தி, மீண்டும் நடத்துதல்

நுண்ணிலைக் கற்பித்தல் என்ற முறை 1963-ஐ ஒட்டி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கியது. சிறிய பாடம், சிறிய குழு, ஒரே ஒரு திறன், உடனடிக் கருத்துரை, திருத்திய பாடத்தை மீண்டும் நடத்துதல் என்பது அதன் சுற்று. பல இடங்களில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். மீண்டும் நடத்துவதற்கு நேரமில்லை என்பது காரணமாகச் சொல்லப்படும். எனக்கோ இரண்டாவது முறைதான் முக்கியம். ஆள் எண்ணிக்கை அதிகமென்றால், ஒவ்வொருவரும் இரண்டு வெவ்வேறு பாடங்களை நடத்துவதைவிட ஒரே பாடத்தை இருமுறை நடத்துவது மேலானது.

சக மாணவர்களைக் குழந்தைகளாக நடிக்கச் சொன்னால், சேட்டை செய்து சிரிப்பு மூட்டுவார்கள் அல்லது எல்லாவற்றையும் உடனே சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, நான்காம் படியில் சேர்ந்த தவறுகளிலிருந்து அட்டைகள் தயாரித்துக் கொடுங்கள். 'வகுத்தால் விடை எப்போதும் சிறியதாகவே வரும் என்று நம்புகிறாய்', 'முக்கோணம் தலைகீழாக இருந்தால் அது முக்கோணம் இல்லை என்று நினைக்கிறாய்' என்று ஒவ்வோர் அட்டையிலும் ஒரு நம்பிக்கை இருக்கும். நடத்துபவருக்கு அது தெரியாது. அட்டை வைத்திருப்பவர் அந்த நம்பிக்கைப்படி மட்டுமே விடை சொல்வார். நடத்துபவர் அதைக் கண்டுகொண்டாரா என்பதே கருத்துரையின் மையமாக இருக்கட்டும்.

பாடத்திட்டம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. நோக்கம், செயல்கள், நேரம் ஆகியவற்றோடு 'குழந்தை என்ன சொல்லக்கூடும், அப்போது நான் என்ன செய்வேன்' என்ற பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பத்தி வெறுமையாக இருந்தால் மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 8: மதிப்பெண்

நிறுவனம் கேட்கும் எழுத்துத் தேர்வைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அதிலும் வினாவின் வடிவம் உங்கள் கையில் இருக்கிறது: கோட்பாட்டின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, வகுப்பில் பார்க்காத ஒரு குழந்தையின் விடைத்தாளைக் கொடுத்து, காரணத்தை ஊகித்துச் சோதிக்கும் கணக்கு ஒன்றை அமைக்கச் சொல்லலாம்.

தன்மதிப்பீட்டுக் குறிப்புகளுக்கு நேரடியாக மதிப்பெண் போடுவதை நான் கைவிட்டுவிட்டேன். மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால், நேற்றுவரை அறியாமையில் இருந்ததாகவும் இன்று ஞானம் பிறந்ததாகவும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். குறிப்பு வந்ததா இல்லையா என்பதை மட்டும் பதிந்துகொண்டு, மதிப்பெண்ணை உரையாடல் எழுத்துரைக்கும் தவறு பற்றிய ஆய்வுக்கும் மீண்டும் நடத்திய பாடத்துக்கும் ஒதுக்குவது நேர்மையானதாக இருக்கிறது. கடைசி அமர்வில் முதல் நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, அதே வகுப்பைப் பற்றி வேறு நிற மையில் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கும் மதிப்பெண் வேண்டாம். படித்துப் பார்த்தாலே உங்கள் பாடநெறி எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை என்பது தெரிந்துவிடும்.

படி 9: தனிச் சந்திப்பு

எட்டாம் அல்லது ஒன்பதாம் வாரத்தில் ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாகச் சந்தியுங்கள். உற்றுநோக்கலும் குழந்தையோடு உரையாடலும் முடிந்திருக்கும் அந்தக் காலத்தில்தான், இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்ற ஐயம் சிலருக்கு எழுகிறது. கேட்கப்படாவிட்டால் அதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டின் எதிர்பார்ப்பு, கட்டிய கட்டணம், கூடப் படிப்பவர்களின் பேச்சு என்று தடைகள் உண்டு. "குழந்தையோடு பேசிய அந்த 20 நிமிடத்தில் உங்களுக்கு எப்போது சலிப்பு வந்தது?" என்று கேட்பேன். சலிப்பே வரவில்லை என்பவரிடம் பேச்சைத் தொடர வேண்டும், ஏனென்றால் அது பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்லும் விடை. குழந்தை மூன்றாவது தடவையும் அதே தவறைச் செய்தபோது வந்தது என்று வெளிப்படையாகச் சொல்பவரோடு, அந்தத் தவறு என்னவென்று கேட்டு, இருவருமாகத் தாளை விரித்து வைத்துப் பார்க்கலாம். விலக முடிவு செய்பவருக்கு, வேறு பிரிவுக்கு மாறுவதற்கான நடைமுறையையும் கடைசித் தேதியையும் சொல்லும் அளவுக்காவது விவரங்களை அலுவலகத்தில் கேட்டுக் கையில் வைத்திருங்கள். தேதி கடந்தபின் சொல்லும் அறிவுரையால் அவருக்குப் பயன் இல்லை.